ஊர்க் காவல்

எமது கிராமத்துச் சனசமூக நிலையத்தில் 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு மாலையொன்றில் ஒரு கூட்டம் நடைபெற்றது. கூட்டத்துக்குரிய பொருள் களவு. அந்த மண்டபத்தில் வாசிகசாலையின் ஆண்டு விழாவுக்கோ நூல் அறிமுகத்துக்கோ இருபது பேர் கூடுவது அருமை. அன்றோ வாசற்படியிலும் யன்னலோரத்திலும் ஆட்கள் நின்றனர். உடைமையைப் பற்றிய பேச்சென்றால் ஊர் முழுவதும் திரண்டு வரும் என்பதை நாம் அன்று நேரிற் கண்டோம். அக்கூட்டத்தில் நாம் ஒரேயொரு வாக்கியம் பேசினோம். அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

அவ்வாண்டின் நிலையை முதலிற் கூறவேண்டும். ஏப்பிரல் மாதத்தில் நாடு தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாயிற்று. ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டது. வலிகாமத்துச் செம்மண்ணில் ஆற்றுப் பாய்ச்சல் இல்லை. சுண்ணக்கற் பாறையிலே தோண்டிய கிணறே தோட்டக்காரனின் உயிர். வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் கிணற்று நீரிலேயே விளைகின்றன. ஆகவே நீரிறைக்கும் மோட்டரைக் களவெடுப்பவன் ஓர் இயந்திரத்தை மட்டும் எடுத்துச் செல்வதில்லை. ஒரு போகத்தையே எடுத்துச் செல்கிறான். ஆயினும் அதனுள்ளே இருக்கும் செப்புக் கம்பிக்குப் பழைய இரும்புக் கடையிற் கிடைக்கும் பணம் ஒரு குடும்பத்தின் சில நாட் சோறு. அல்லது ஓர் இளைஞனின் சில நாட் போதை. அவ்வாண்டில் இரண்டுக்கும் ஆட்கள் இருந்தார்கள்.

ஒரு மாதத்துள் எமது ஒழுங்கையிலும் அடுத்த ஒழுங்கையிலுமாக மூன்று மோட்டர்கள் போயின. மூன்றாவது, எமது வீட்டுக் கிணற்றடியில் இருந்தது. பெரும் பொருளன்று. எனினும் ஓர் ஆசிரியனின் சம்பளத்தில் அப்பொழுது புதியதொன்றை வாங்குவது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை. அதிகாலையில் எமது தாயார் கிணற்றடிக்குச் சென்று, வெட்டப்பட்ட குழாயின் முனையைக் கையிற் பிடித்தபடி எம்மை அழைத்த குரல் இன்னும் எமது காதில் இருக்கிறது. இரவு எவனோ எமது வளவுக்குள் நடந்திருக்கிறான், நாம் உறங்கிய அறையின் யன்னலுக்கு அருகாற் போயிருக்கிறான் என்ற எண்ணம் பொருள் இழப்பைக் காட்டிலும் பெரிதாக மனத்தை வருத்தியது. அந்த வருத்தத்தோடும், அதனடியிற் கிடந்த கோபத்தோடுமே நாம் கூட்டத்துக்குச் சென்றோம்.

கூட்டத்திற் பலவும் பேசப்பட்டன. சந்திக்குச் சந்தி கமரா பூட்டவேண்டும் என்றார் ஒருவர். கனடாவிலிருக்கும் ஊரவர் பணம் அனுப்புவர் என்றார். இளைஞர் இரவுக் காவல் புரியவேண்டும் என்றார் இன்னொருவர். முதியவர் ஒருவர் எழுந்து, ‘விதானைமார் இருந்த காலத்திலை நாங்கள் கதவைத் திறந்து போட்டிட்டுப் படுத்தனாங்கள்’ என்றார். சபை அதனை ஆமோதித்தது. இறுதியில் விளையாட்டுக் கழகத்து இளைஞர் ஒருவர், ‘ஆரிலை சந்தேகம் எண்டதைச் சொல்லுங்கோ, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்’ என்று கேட்டார்.

அப்பொழுதுதான் நாம் எழுந்து அந்த வாக்கியத்தைப் பேசினோம். ‘அந்தக் குறிச்சிப் பெடியன் போன கிழமை எங்கடை கிணறு துப்புரவாக்க வந்தவன், மோட்டர் எப்பிடிப் பூட்டியிருக்குதெண்டு அவனுக்குத் தெரியும்.’

அவ்வளவே. அவன் எடுத்தான் என்று நாம் கூறவில்லை. ஐயத்தைக் கூட நேரே கூறவில்லை. சொல்லப்பட்ட இரண்டும் உண்மைகள். அவன் வந்ததும் உண்மை, அவனுக்குத் தெரிந்திருந்ததும் உண்மை. இந்த நியாயத்தைப் பின்னர் பல இரவுகளில் எமக்கு நாமே சொல்லிப் பார்த்தோம். அது நிலைக்கவில்லை. கிணற்றடிக்கு அம்மாதத்தில் மின்னிணைப்புத் திருத்துபவர் வந்தார். தேங்காய் வாங்குபவர் வந்தார். அயல்வீட்டு இளைஞர் இருவர் மோட்டரைத் தூக்கிவைக்க உதவினர். இவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அவர்களுள் எவருடைய பெயரும் எமது வாயில் வரவில்லை. ‘அந்தக் குறிச்சி’ என்ற சொல் மட்டும் தானாகவே வந்தது.

சாதியின் பெயரை அன்று எவரும் உச்சரிக்கவில்லை. உச்சரிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கிராமத்தில் ஒரு குறிச்சியின் பெயரைச் சொன்னால் மற்றெல்லாம் சொல்லியாயிற்று. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதி காரணமாகக் கோயிலிலோ கடையிலோ பாடசாலையிலோ ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. அச்சட்டத்துக்குப் பின்னரும் கோயில் வாசல்கள் திறப்பதற்கு 1960களில் எத்தனை பேர் அடிபட்டனர் என்பதை இவ்விதழின் வாசகர் அறிவர். ஆனால் களவு போன மறுநாள் ஊரின் கண் முதலில் எத்திசையைப் பார்க்கிறது என்பதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. மேடையிற் சமத்துவம் பேசிவந்த எமது கண்ணும் அத்திசையையே பார்த்தது.

அவன் எமது மாணவனாக இருந்தவன். ஒன்பதாம் வகுப்பில் அவனுக்குத் தமிழ் கற்பித்தோம். 2020 மார்ச்சிற் கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் தொலைபேசிக்கு மாறியபோது அவனுடைய வீட்டில் அதற்கேற்ற தொலைபேசி இருக்கவில்லை. மீண்டும் பாடசாலை திறந்தபோது அவன் மேசனிடம் கையாளாகச் சேர்ந்துவிட்டிருந்தான். வரவுப் பதிவேட்டில் அவனுடைய பெயரின் மேல் நாமே கோடிட்டோம். அவனை மீண்டும் அழைத்துவர ஒருமுறை அவனுடைய வீட்டுக்குப் போனோம். இரண்டாம் முறை போகவில்லை.

கூட்டம் கலைந்த இரவு மதவடியில் வைத்து அவனைப் பிடித்தார்கள். மின்கம்பத்திற் கட்டினார்கள். செய்தி எமக்கு வந்தது. நாம் போனோம். போகாமலிருந்தோம் என்று கூறித் தப்புவதற்கும் வழியில்லை. கைத்தொலைபேசிகளின் வெளிச்சத்தில் அவனுடைய முகத்தைக் கண்டோம். அவனும் எம்மைக் கண்டான். ‘சேர், நீங்கள் சொல்லுங்கோ சேர். நான் எடுக்கேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும் சேர்.’

நாம் சொன்னது இதுதான்: ‘அடிக்கவேண்டாம், பொலிசிலை குடுங்கோ.’ அதையும் உரத்துச் சொல்லவில்லை. எமக்கு அவனுடைய குற்றமின்மை தெரியாது. ஆயினும் குற்றமும் தெரியாது. தெரியாது என்ற அந்த ஒரு சொல்லை உரத்துச் சொல்லியிருந்தாற் போதும். அவனுக்கு எதிரான ஒரே சாட்சி எமது வாக்கியமாயிருந்தது. அதை நாமே மீட்டிருந்தாற் கயிறு அவிழ்ந்திருக்கும். அதைச் செய்ய எம்மால் முடியவில்லை. திரண்டு நிற்கும் ஊரின் முன் ஓர் ஆசிரியன் தன் சொல்லைத் திரும்பப் பெறுவது மதிப்புக் குறைவென்று அந்நேரத்தில் எமக்குத் தோன்றியது.

அவனைப் பொலிசார் இரண்டு நாள் வைத்திருந்தனர். பிணையில் வந்தபோது வலக்கை மணிக்கட்டு முறிந்திருந்தது. மதவடியில் முறிந்ததா, பின்னர் முறிந்ததா என்பதை அவன் எவருக்கும் சொல்லவில்லை. கையாளாக வேலை செய்பவனுக்குக் கைதான் மூலதனம். ஏறத்தாழ இரண்டு மாதம் அவனுக்கு வேலையில்லை.

எமது வகுப்பறைக்கு அடுத்த அறையிற் குடியியல் ஆசிரியர் அரசியலமைப்பைக் கற்பிக்கிறார். குற்றவாளி என நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் சுற்றவாளி என ஊகிக்கப்படுதல் வேண்டும் என்று 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை கூறுகிறது. சித்திரவதைக்கு எதிராக 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் உண்டு. கண்ணெதிரே பாரிய குற்றம் புரிபவனைப் பொதுமகன் ஒருவன் பிடிக்கலாம். பிடித்தால் தாமதமின்றிப் பொலிசாரிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் ஏற்பாடு. கட்டி வைத்து அடிக்கும் உரிமையை எச்சட்டமும் எவருக்கும் வழங்கவில்லை. இவை அனைத்தையும் எமது மாணவர் பரீட்சையில் எழுதிச் சித்தியடைகின்றனர். அந்த மாணவருள் இருவர் அன்றிரவு மதவடியிற் கயிறு பிடித்து நின்றனர்.

நாம் கற்பிப்பது சிலப்பதிகாரம். கொலைக்களக் காதையில், கோவலனைக் கண்ட காவலர் அவனுடைய தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லையே என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் அவர்களுக்குக் களவு நூற் பாடம் நடத்துகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குத் துணையாவன எட்டையும் அடுக்குகிறான். தயக்கம் கலைகிறது, வாள் வீசப்படுகிறது. இக்காதையைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். பாண்டியன் ஆராயாது ஆணையிட்டதே பிழை என்று ஒவ்வோராண்டும் கரும்பலகையில் எழுதுகிறோம். கோவலனைக் கண்ட காவலராவது ஒரு கணம் தயங்கினர். எமது ஊரில் அந்தத் தயக்கமும் இருக்கவில்லை. ஏனெனில் அவனுடைய தோற்றத்தையல்ல, அவன் பிறந்த இடத்தையே நாம் பார்த்தோம். பொற்கொல்லனின் வேலையை அவனுடைய தமிழாசிரியனே செய்தான்.

மூன்று மாதங்களின் பின் வேறொரு விசாரணையிற் பொலிசார் பழைய இரும்புக் கடையொன்றைச் சோதித்தபோது எமது மோட்டர் அகப்பட்டது. அதன் பக்கத்தில் எமது தாயார் நிறப்பூச்சால் இட்ட அடையாளம் அழியாதிருந்தது. விற்றவன் எமது ஒழுங்கையிலேயே, பெரிய மதில் வீட்டின் பிள்ளை. மோட்டரைத் தூக்கிவைக்க உதவிய இருவருள் ஒருவன். போதைக்கு அடிமைப்பட்டிருந்தான். அவனை எவரும் மின்கம்பத்திற் கட்டவில்லை. கட்டவேண்டும் என்று நாம் விரும்பவும் இல்லை. குடும்பத்தார் வந்து பேசினர். மூன்று வீட்டாருக்கும் பணம் கொடுத்தனர். பிள்ளையைச் சிகிச்சைக்கு அனுப்பினர். ‘பெடியன் வழிதவறிப் போனான், பாவம்’ என்று ஊர் கூறிற்று. அவ்விரக்கம் நியாயமானதே. ஆனால் ஒருவன் வழிதவறிய பிள்ளையாகவும் மற்றவன் பிறவிக் கள்ளனாகவும் தோன்றுவதற்கு இருவருடைய வீடுகளுக்கும் இடையேயுள்ள தூரம் அன்றி வேறென்ன காரணம்?

கள்வன் என்ற சொல்லை நாம் யாருக்கு வழங்குகிறோம் என்பதைச் சற்று ஆராய்தல் வேண்டும். வேலி அடைக்கும் காலத்தில் எல்லைக் கதியாலை ஒரு முழம் தள்ளி நடுபவர் எமது ஊரிற் கள்வர் எனப்படுவதில்லை; கெட்டிக்காரர் எனப்படுகிறார். இரவோடிரவாக அனுமதியின்றி மணல் அள்ளி விற்பவர் முதலாளி எனப்படுகிறார். நாட்கூலியைக் கிழமைக்கணக்கில் இழுத்தடிப்பவர் பெரியவர் எனப்படுகிறார். களவு மோட்டரென்று தெரிந்தே நிறுத்து வாங்கும் கடைக்காரர் வியாபாரி எனப்படுகிறார். ஒரு சைக்கிள் போனால் கூட்டம் கூடுகிறது. ஒரு குடும்பத்தின் காணி அங்குலம் அங்குலமாகப் போனால் அது வழக்கு என்று பெயர் பெறுகிறது.

விதானைமார் காலத்திற் கதவு திறந்து உறங்கினோம் என்ற பேச்சையும் இவ்வாறே நோக்கவேண்டும். கிராமத் தலைமைக்காரர் முறை 1963இல் ஒழிக்கப்பட்டு அரசாங்க உத்தியோகத்தரான கிராமசேவகர் வந்தனர். அதற்கு முந்திய அமைதியை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த அமைதி யாருடையது? தாழ்த்தப்பட்ட குறிச்சியிலிருந்து ஒருவன் இருட்டியபின் பெரிய ஒழுங்கையால் நடப்பதற்கே அஞ்சியிருந்தானெனில், பெரிய வீட்டுக் கதவு திறந்து கிடந்ததில் வியப்பென்ன? அந்தத் திறந்த கதவுக்கு வெளியே அச்சமே காவலிருந்தது.

இன்று கதவுகள் பூட்டப்பட்டுள்ளன, வேலிகள் மதில்களாகிவிட்டன. இதற்கும் காரணம் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எமக்கு ஏழு வயது. எமது தாயார் வீட்டைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது திறப்பு இருந்தது, கதவு இல்லை. நிலையும் யன்னலும் ஓடும் இல்லை. 2011 ஆகஸ்டில் ‘கிறீஸ் பூதம்’ என்ற பீதி பரவியபோது பெண்கள் உள்ள வீடுகள் இரவு முழுவதும் விளக்கோடு விழித்திருந்தன. இவ்வாறெல்லாம் பட்டறிந்த சமூகம் மதில் எழுப்புவதை ஏளனம் செய்ய நாம் முற்படவில்லை. அன்று ஏழு வயதிற் கதவில்லாத வீட்டைக் கண்டவர்களுள் நாமும் ஒருவர்.

ஆயினும் மதில் எதனைத் தடுக்கிறது, எதனை மறைக்கிறது என்பதை அறிதல் வேண்டும். கிளுவையும் பூவரசும் நட்டு ஓலை கட்டிய பழைய வேலியில் அயல்வீட்டுக்குச் செல்ல ஒரு பொட்டு இருக்கும். நெருப்பெடுக்கவும் கறி கொடுக்கவும் பிள்ளைகள் அதனூடாக ஓடுவர். வேலிக்கு அப்பால் உயர்ந்த குரல் இப்பாற் கேட்கும். எமது ஒழுங்கையிற் கமராவும் இரும்புக் கேற்றும் உடைய ஒரு வீட்டில், கணவனிடம் ஒரு பெண் ஓராண்டுக்கு மேல் அடிபட்டு வாழ்ந்ததை அவர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட நாளிலேயே நாம் அறிந்தோம். அந்த வீட்டின் கமராக்கள் யாவும் வீதியை நோக்கியிருந்தன. எமது நாட்டில் இல்வாழ்வில் ஈடுபட்ட பெண்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் துணைவனின் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ உள்ளானவர் என்று தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. வீட்டு வன்முறையைத் தடுக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அச்சட்டம் மதிலேறிக் குதித்துத் தானாக உள்ளே போகாது. அயலவரின் காதும் வாயும் அதற்கு வேண்டும்.

ஊரிற் குற்றம் பெருகிவிட்டது என்று எல்லோரும் கூறுகிறோம். எந்தக் குற்றம்? அவ்வாண்டு எமது ஒழுங்கையிலிருந்து பொலிஸ் முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஏறியவை மோட்டர்கள் மட்டுமே. ஓர் இளைஞனின் முறிந்த மணிக்கட்டு அதில் ஏறவில்லை. ஒரு பெண்ணின் ஓராண்டுத் துயரமும் ஏறவில்லை. முறையிட வலுவுள்ளவனின் இழப்பே குற்றக் கணக்காகிறது. அந்தக் கணக்கைக் கொண்டே நாம் யாரை அஞ்சவேண்டும் என்று தீர்மானிக்கிறோம்.

மோட்டர் அகப்பட்ட கிழமை நாம் அவனுடைய வீட்டுக்குப் போனோம். அவன் இருக்கவில்லை. தாயார் கதிரையை எடுத்து வைத்து, தாம் நிலத்தில் இருந்தார். நாமும் நிலத்திற் போய் இருந்தோம். பிழை எம்முடையது என்று கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், ‘மாஸ்ரர், அவன் அண்டைக்கு வீட்டை வந்து அடிச்சவங்களைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. சேர் பாத்துக்கொண்டு நிண்டவர் எண்டுதான் சொன்னவன்’ என்றார். எமக்கு விடை இருக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் நாம் எழுந்து, முன்னைய கூட்டத்திற் பேசியதைத் திரும்பப் பெற்றோம். ஊரறியச் சொன்ன சொல்லை ஊரறியவே மீட்கவேண்டும் அல்லவா? சிலர் தலை குனிந்தனர். ‘முடிஞ்சு போனதை ஏன் மாஸ்ரர் கிளறுறியள்?’ என்றார் ஒருவர். மருத்துவச் செலவையும் இழந்த கூலியையும் நிலையத்தின் பணத்திலிருந்து கொடுக்கவேண்டும் என்று முன்மொழிந்தோம். அது நிறைவேறவில்லை. ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவரும் இரண்டு மாணவரும் எம்முடன் சேர்ந்தனர். எம்மால் இயன்றதைத் திரட்டிக் கொடுத்தோம். அந்த இரண்டு மாணவரே அன்று கயிறு பிடித்தவர்கள். இதனை அவர்களுடைய அனுமதியோடு எழுதுகிறோம்.

ஊர்க் காவல் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தோட்டக்காரனின் மோட்டர் காக்கப்படவே வேண்டும். இப்பொழுது எமது நிலையத்தில் ஒரு விதி எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது: கண்ணாற் கண்டதையன்றிக் கருதியதைக் கூட்டத்திற் கூறலாகாது, எவர் மீதும் கை வைக்கலாகாது. பழைய இரும்புக் கடைக்காரர் விற்பவரின் அடையாளத்தைப் பதிந்தே வாங்கவேண்டும் என்றும் எழுதிக் கேட்டுள்ளோம். விதவைகளும் முதியோரும் தனித்திருக்கும் வீடுகளுக்கு மாலையில் ஒருமுறை சென்று குரல் கொடுத்து வருகிறோம். இவை சிறு காரியங்கள். இளைஞனுக்கு வேலையும் பாடசாலை விட்டவனுக்கு மறுவழியும் இல்லாத நாட்டில் இவற்றாற் களவு ஒழியாது என்பதை அறிவோம். ஆனால் அந்தப் பெருமாற்றம் வரும்வரை எமது சொல்லால் இன்னொருவனின் கை முறியாதிருக்கவேண்டும்.

அவன் மீண்டும் மேசன் வேலைக்குப் போகிறான். பாரம் தூக்கும்போது கை நோகிறதென்று தாயார் கூறுகிறார். முன்னர் ஒழுங்கையில் எம்மைக் கண்டாற் சைக்கிளிலிருந்து இறங்கி நின்று, நாம் கடந்த பின்னரே ஏறுவான். இப்பொழுது இறங்குவதில்லை; எம்மைப் பார்க்காமலே போகிறான். படிப்பித்த வாத்தியாரை மதிக்காத பெடியன் என்று அண்மையில் ஒருவர் எம்மிடம் குறைப்பட்டார். அவருக்கு நடந்ததைச் சொன்னோம். அவ்வாறு யார் குறைப்பட்டாலும், அவர் கேட்க விரும்பாவிடினும், இனிச் சொல்லிக்கொண்டே இருப்போம்.